சென்னையா, மும்பையா?

கேள்வி: திருநெல்வேலிக்காரன் நான். எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் சேவை மையத்தில் ஃபண்ட் அக்கவுண்டிங் வேலை கிடைத்திருக்கிறது. மும்பையில் ஒரு சிறிய பங்குத் தரகு நிறுவனம் ஆய்வுப் பிரிவுக்குக் கூப்பிடுகிறது, சம்பளம் குறைவு. எனக்கு ஆசை பங்கு ஆய்வில்தான். எங்கே போகலாம்?

பதில்: ஆசை அதில்தான் என்றால் மும்பைக்குக் கிளம்புங்கள்.

ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, இரண்டு பங்குச் சந்தைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன என்பதற்காகச் சொல்லவில்லை. வர்த்தகம் கணினிக்கு மாறி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன, சந்தைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலான மியூச்சுவல் ஃபண்டுகளின் முதலீட்டுக் குழுக்கள் மும்பையில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் காரணம். நீங்கள் எழுதும் அறிக்கையைப் படிப்பவர்களும், நாளைக்கு உங்களை வேலைக்கு எடுக்கப்போகிறவர்களும் அவர்களே. ஃபண்ட் அக்கவுண்டிங் நல்ல வேலைதான். ஆனால் தினமும் என்.ஏ.வி. (ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பு) கணக்கிட்டுச் சரிபார்த்த அனுபவத்தை வைத்து ஆய்வுப் பக்கம் தாவுவது கஷ்டம்.

சேருவதற்கு முன் அந்த நிறுவனத்திடம் கட்டாயம் கேளுங்கள்: எந்தத் துறையை, எத்தனை கம்பெனிகளைப் பார்க்க வேண்டும்? நிதி மாடலை (கம்பெனியின் வருங்கால வரவு, லாபக் கணிப்பை) நானே போடுவேனா? காலாண்டு முடிவுகளுக்குப் பிறகு கம்பெனி நிர்வாகம் ஆய்வாளர்களுடன் ஃபோனில் பேசும் கான்கால்களில் உட்காரலாமா? யாருக்குக் கீழே வேலை? பதில் மழுப்பலாக வந்தால் ஜாக்கிரதை. ஆய்வு என்று பெயர் வைத்து, வாடிக்கையாளருக்கு ஃபோன் போட்டு டிமேட் கணக்கு பிடிக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. அப்படியென்றால் சென்னையே மேல். பதில் திருப்தியாக இருந்தால், செபி அமைத்த கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஆய்வாளர் தேர்வை (Series XV) ஊரிலிருந்து கிளம்புமுன்பே எழுதிவிடுங்கள். சான்றிதழ் 3 வருடம் செல்லும்.

வீடு பார்க்கும்போது ரயில் பாதையைப் பாருங்கள். அலுவலகம் ஃபோர்ட் பக்கம் என்றால் ஒரு கணக்கு, பாந்த்ரா-குர்லா வளாகம் என்றால் வேறு கணக்கு. ரயில் மாறாமல் போகிற மாதிரி இடம் கிடைத்தால், சின்ன அறையானாலும் பகிர்ந்து தங்குங்கள். சாப்பாட்டுக்கு, தென்னிந்திய ஹோட்டல்கள் உள்ள மாட்டுங்கா பகுதி இருக்கிறது. இந்தி தானாக வந்துவிடும்.

பெங்களூரு, ஹைதராபாத்தில் ஃபைனான்ஸ் வேலை நிறைய இருந்தாலும், பெரும்பகுதி உங்களுக்குச் சென்னையில் கிடைத்தது போன்ற சேவை மைய வேலைதான். குஜராத்தின் நிதி மையமான கிஃப்ட் சிட்டி வளர்கிறது. புதிதாக வருபவருக்கு இன்னும் வாய்ப்பு குறைவு.

இதே கேள்வியைக் கடன் துறையில் ஆர்வமுள்ள ஒருவர் கேட்டிருந்தால், சென்னையை விடாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம் ஃபைனான்ஸ், இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. எல்லாவற்றுக்கும் தலைமையகம் சென்னைதான். லாரிக்காரருக்குக் கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் கலையை அங்கே கற்பது போல் வேறெங்கும் கற்க முடியாது.

ஒன்றே ஒன்று: வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், இப்போதைக்குச் சென்னை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில், முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசத் தேர்வான சி.எஃப்.ஏ. முதல் நிலைக்குப் படியுங்கள். உங்களுக்குப் பிடித்த இரண்டு கம்பெனிகளுக்கு நீங்களே மாடல் போட்டு, அறிக்கை எழுதி, ஆய்வுத் தலைவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். சுந்தரம் மியூச்சுவல் ஃபண்டின் தலைமையகமும் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே அனுப்புங்கள்.