கதைத்தால் மனச்சோர்வு மாறுமா?

கேள்வி: எனக்கு வயது 38, ஆசிரியை. ஆறு மாதங்களாகச் சரியான உறக்கமில்லை. சமைக்கவும் மனம் வருவதில்லை. கிளினிக்கில் குளிசை தந்த வைத்தியர், அறிகை நடத்தைச் சிகிச்சைக்கும் வரச் சொல்கிறார். இது செய்வினை, நூல் கட்டினால் போதும் என்கிறார் மாமியார். இருந்து கதைப்பதால் நோய் மாறுமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: வெறும் ஆறுதல் வார்த்தைகளால் மாறாது, சகோதரி, இச்சிகிச்சை ஆறுதல் சொல்வதும் அன்று. 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணியாற்றிய உளமருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வுற்றோரின் பேச்சைக் கூர்ந்து கேட்டபோது, தம்மையும் உலகையும் வருங்காலத்தையும் பற்றிய இருண்ட எண்ணங்கள் அழையாமலே அவர்களுக்குள் எழுவதையும், அவற்றை அவர்கள் உண்மையென்றே நம்பிவிடுவதையும் கண்டார். அவ்வெண்ணங்களைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கப் பழக்குவதே இதன் ஒரு பாதி, அதுவே அறிகை.

உங்கள் பாடசாலையையே எடுத்துக்கொள்வோம். விறாந்தையில் எதிரே வந்த சக ஆசிரியை உங்களைப் பாராமல் போகிறார். ‘என்னை யாருக்கும் பிடிக்கவில்லை’ என்று மனம் உடனே தீர்ப்பெழுதிவிட, மாலைவரை நெஞ்சு கனக்கிறது. நடந்தது என்ன, எழுந்த எண்ணம் என்ன, அதை நூற்றுக்கு எத்தனை நம்பினீர்கள், அதற்கு ஆதாரம் எது, எதிராதாரம் எது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்வார்கள். முதல்நாள் அவரே உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தது எழுதும்போதுதான் நினைவுக்கு வரும். 90 என்று இட்ட புள்ளி 50க்கு இறங்கினாலே போதும். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று பாடமாக்குவது இதுவன்று. கடனோ பிணக்கோ மெய்யாகவே இருந்தால், அதற்கு என்ன வழி என்பதையும் அங்கேயே சேர்ந்து ஆராய்வார்கள்.

மறுபாதி நடத்தை, என் கணிப்பில் உங்களுக்கு முதலில் வேண்டியது இதுவே. மனம் வந்தபின் செய்வோம் என்றிருந்தால், மனச்சோர்வில் மனம் வருவதேயில்லை. ஆகவே, நாலு மணிக்கு ஒரு கைப்பிடி முருங்கையிலை ஆய்வது, வெயில் தாழ வாவிக்கரையில் பத்து நிமிடம் நடப்பது என்று மிகச் சிறியவற்றை நேரம் குறித்துச் செய்து, செய்தபின் மனம் எப்படி இருந்தது என்பதற்கும் புள்ளி இடவேண்டும். சமையல் பிறகு தானாக வரும்.

வழக்கமாக வாரம் ஒருமுறையாக 12 முதல் 20 அமர்வுகள் வரை நடைபெறும். கொப்பி வேலையை வீட்டில் செய்யாதவருக்குப் பலன் குறைவு. (ஆசிரியைக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.) குளிசை பலன் தரச் சில வாரங்கள் செல்லும், சற்றுத் தேறியதும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தைரொயிட் குறைபாடும் இதே சோர்வைத் தரலாம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் எழுந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கோயிலுக்குப் போவதும் நூல் கட்டுவதும் சிகிச்சைக்குக் குறுக்கே நில்லா. மாமியார் நூலைக் கட்டட்டும். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிச் செல்லுங்கள், வைத்தியர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.