பெர்க்லி இன்னும் பதில் சொல்லவில்லை, ஒரு பாடத்தை விடலாமா?

கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில், அதாவது இரண்டாண்டுக் கல்லூரியில், இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். அங்கிருந்து மாறிப் போக விண்ணப்பித்த கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் டேவிஸ் இடம் கொடுத்துவிட்டது, பெர்க்லியும் யுசிஎல்ஏவும் (லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) இன்னும் வாய் திறக்கவில்லை. படிப்பில் மனம் ஒட்டவில்லை, புள்ளியியலை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து விடாதீர்கள். விண்ணப்பத்தில் எழுதிய வசந்தகாலப் பாடங்களை நல்லபடியாக முடிப்பீர்கள் என்ற நிபந்தனையோடுதான் டேவிஸ் இடம் தந்திருக்கிறது. சொல்லாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டால் கையில் இருக்கும் இடமே போகலாம். வேறு வழியே இல்லையென்றால் முதலில் அவர்களுக்குத் தெரிவியுங்கள், அப்புறம் விடுங்கள்.

பதில் வராததைக் கெட்ட அறிகுறியாக நினைக்க வேண்டாம். பெர்க்லியும் யுசிஎல்ஏவும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் மாணவர்களுக்கு வழக்கமாக ஏப்ரல் பிற்பாதியில்தான் முடிவு சொல்லும். டேவிஸுக்கு ஜூன் 1 வரை பதில் சொல்லலாம், அதனால் பொறுத்திருப்பதில் நஷ்டம் இல்லை. அந்த இரண்டில் ஒன்று உங்களைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டால், அதில் இருக்க விரும்புகிறேன் என்று நீங்களே பதிவு செய்ய வேண்டும். அப்போதும் டேவிஸ் இடத்தை உறுதி செய்துவிடுங்கள்.

நானும் இப்படிக் காத்திருந்தேன். நூலகத்தில் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் விண்ணப்ப முடிவு வரும் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருப்பேன். ஊரிலிருந்து அப்பா தினமும் ராத்திரி கூப்பிட்டு "வந்துச்சாப்பா?" என்பார். அதுதான் அதிகம் வலித்தது. "ஏப்ரல் கடைசியில நானே கூப்பிடுறேன்பா" என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. நீங்களும் வீட்டில் ஒரு தேதி சொல்லிவிடுங்கள்.

புள்ளியியலில் எந்த இடத்தில் சிக்குகிறது? எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.