மொட்டை மாடியில் கேஸ் பார்பெக்யூ: வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வாசகர்கள் கேஸ் பார்பெக்யூ பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் இல்லை. கீழே சொல்லியிருப்பவை சரியாக இருந்தால் எந்தக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான்.

காட்பாடி வாசகி: வீட்டில் ஆறு பேர். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மாடியில் கிரில் போட ஆசை. கடைக்காரர் நாலு பர்னரோடு பக்கத்தில் தனி அடுப்பும் வைத்த மாடலைத்தான் வாங்கச் சொல்கிறார். ரெண்டு பர்னர் போதாதா?

ஆறு பேருக்கு மூன்று பர்னர் சரியாக இருக்கும். இரண்டு பர்னரிலும் சமாளிக்கலாம், இரண்டு ஈடாகப் போட வேண்டியிருக்கும். நாலாவது பர்னரும் பக்கத்து அடுப்பும் உங்களுக்குத் தேவையே இல்லை. கீழே சமையலறையில் அடுப்பு இருக்கும்போது, குழம்பு சுட வைக்க மாடியில் இன்னொன்று எதற்கு?

பர்னரை எண்ணுவதற்கு முன்னால் கம்பித் தட்டை அளந்து பாருங்கள். ஆளுக்குச் சுமார் 450 சதுர செ.மீ. இடம் வேண்டும். ஆறு பேருக்கு 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தட்டு கணக்காக வரும். மேலே வைத்திருக்கும் சூடு காக்கும் கம்பி அடுக்கையும் சேர்த்து அளவு சொல்வார்கள், அதைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. பெட்டியில் 30,000 பி.டி.யு, 40,000 பி.டி.யு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஒரு மணி நேரத்தில் எரிக்கும் கேஸின் கணக்கு. தட்டும் பெரிதாக இருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 3,412 பி.டி.யு ஒரு கிலோவாட். சதுர செ.மீ.க்கு 3 முதல் 4 வாட் வந்தால் இறைச்சி நன்றாகச் சிவக்கும். 60க்கு 45 தட்டுக்கு 9 கிலோவாட், அதாவது 30,000 பி.டி.யு சொச்சம் இருந்தால் போதும்.

ஒவ்வொரு பர்னருக்கும் தனித் திருகு இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் முழுத் தீ, மறுபக்கம் அணைத்தோ சிம்மிலோ வைக்க முடிந்தால்தான் லெக் பீஸ் வெளியே கருகி உள்ளே ரத்தமாக நிற்காது. முதலில் தீப் பக்கத்தில் நிறம் பிடிக்கவிட்டு, பிறகு சூடு குறைந்த பக்கத்துக்குத் தள்ளி மூடியைப் போட வேண்டும். எலும்பை ஒட்டிய சதையில் 74 டிகிரி வந்ததும் எடுக்கலாம். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூடியில் பதித்திருக்கும் முள் காற்றின் சூட்டைத்தான் காட்டும், கறியின் சூட்டை அல்ல.

மூடி கனமாக இருக்கிறதா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள். தகரம் மாதிரி ஆடினால் சூடு நிற்காது. ஆடி மாதக் காற்றில் மொட்டை மாடியில் மெல்லிய மூடி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

ஆம்பூர் வாசகர்: அமெரிக்காவிலிருந்து திரும்பி வரும் தம்பி அங்கே பயன்படுத்திய கிரில்லைக் கப்பலில் அனுப்புகிறான். நம் வீட்டு சிலிண்டரில் மாட்டலாமா? டீக்கடை அடுப்புக்குப் போடும் ரெகுலேட்டர் போட்டால் நன்றாக எரியும் என்று ஒருவர் சொல்கிறார்.

அந்த யோசனையை முதலில் தள்ளிவையுங்கள். வீட்டு ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் விடுகிறது. டீக்கடை, கல்யாணச் சமையல் அடுப்புகளுக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டர் அதைப்போல் பல மடங்கு தள்ளும். கிரில்லின் ஜெட் (பர்னருக்குள் கேஸ் பீறிடும் சின்ன பித்தளை மூக்கு) துளையும் வால்வும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை இல்லை. தீ பர்னரை விட்டு எழும்பும், திருகின் அடியில் கசியும், அங்கேயே பற்றும்.

இனி கிரில்லுக்கு வருவோம். பின்பக்கமோ கதவின் உள்ளேயோ ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் புரொப்பேன் அல்லது எல்.பி.ஜி., 11 அங்குல நீர் அழுத்தம் என்று இருந்தால் கவலை இல்லை. 11 அங்குலம் என்பது 27 மில்லிபார் சொச்சம்; நம் 30க்கு மிக நெருக்கம். நேச்சுரல் கேஸ் என்று இருந்தால் அப்படியே மாட்டக் கூடாது. குழாய் கேஸுக்கான ஜெட் துளை பெரியது, அதில் எல்.பி.ஜி. போனால் மஞ்சள் தீ மூடிவரை எழும், கரி அப்பும். எல்லா ஜெட்டையும் எல்.பி.ஜி. ஜெட்டாக மாற்றிய பிறகுதான் பற்றவைக்க வேண்டும். ஜெர்மனிப் பக்கத்துக் கிரில்லாக இருந்தால் 50 மில்லிபார் என்று போட்டிருக்கும். அது நம் ரெகுலேட்டரில் சோகையாக எரியும்.

அமெரிக்கக் கிரில்லின் டியூபோடு அங்கத்து ரெகுலேட்டர் சேர்ந்தே வரும். அதன் மூக்கு நம் சிலிண்டர் வால்வில் உட்காராது. டியூபை அறுத்து நடுவில் நம் ரெகுலேட்டரைச் செருகும் வேலை வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரெகுலேட்டர் இருந்தால் அழுத்தம் இறங்கித் தீ செத்துவிடும். டியூப், ரெகுலேட்டர் இரண்டையும் முழுதாகக் கழற்றிவிட்டு, கிரில்லின் நுழைவாயில் மரைக்குப் பொருந்தும் பித்தளை நாசில் போட்டு, நம் ஊர் ஐ.எஸ்.ஐ. முத்திரை சுரக்ஷா டியூபை மாட்டி, கிளிப் இறுக்க வேண்டும். மரை சரியாகப் பொருந்தாவிட்டால் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: கோழியைச் சுற்றவிடும் மோட்டார் வந்தால் அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் செருகிய கையோடு புகைந்துவிடும்.

ராணிப்பேட்டை வாசகர்: மாடிக்கு 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. கீழேயிருந்து நீள டியூப் விடலாமா? ஒரு தடவைக்கு எவ்வளவு கேஸ் ஆகும்?

விடக் கூடாது. டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடுவில் ஒட்டு, டி ஜாயிண்ட் எதுவும் கூடாது. 5 கிலோ சிலிண்டர் வாங்குங்கள். அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டரை அதே ஏஜென்சியில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கிலோ எல்.பி.ஜி. ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி சூடு தரும். 9 கிலோவாட் கிரில்லை எல்லாத் திருகும் முழுதாகத் திறந்து எரித்தால் மணிக்கு 700 கிராம் போகும். உண்மையில் யாரும் அப்படி எரிப்பதில்லை. 15 நிமிடம் முழுத் தீயில் காயவைத்து, ஒன்றரை மணி நேரம் பாதித் தீயில் சமைத்தால் 700 கிராம் ஆகும். 5 கிலோ சிலிண்டர் ஏழு தடவைக்கு வரும். ரெகுலேட்டரில் மணிக்கு எத்தனை கிலோ கேஸ் விடும் என்று பொறித்திருந்தால் அதையும் பாருங்கள். கிரில்லின் தேவை அதைத் தாண்டினால் மூன்றாவது பர்னரைத் திறக்கும்போது முதல் இரண்டும் சுருங்கும். பலரும் கிரில் ரிப்பேர் என்று நினைப்பது இதைத்தான்.

சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும், கிரில்லுக்கு அடியில் இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் மாடியிலேயே விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு இறக்கிவிடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு வழிந்து மாடிப்படி வழியாகவும் மழைநீர்க் குழாய் வழியாகவும் இறங்கும். அதனால் படிவாசல் பக்கம் வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கிரில் திருகுகள் மூடியிருக்கட்டும், ரெகுலேட்டரைத் திறந்து, டியூபின் இரு முனையிலும் வால்விலும் நுரையைத் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. எலியும் அணிலும் டியூபைக் கடிக்கும். மாடியில் வைத்திருந்த டியூபை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. கசிவு நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டரை மூடிவிட்டு 1906க்குப் போன் போடுங்கள்.

சத்துவாச்சாரி வாசகி: அபார்ட்மெண்ட் மூன்றாவது மாடி. பால்கனியில் சின்ன கிரில் வைக்கலாமா?

வேண்டாம். மேல் வீட்டுப் பால்கனி உங்களுக்குக் கூரை. அங்கே துணி காயும். அசோசியேஷனில் கேட்டுப் பொது மொட்டை மாடியில் வையுங்கள். சுவரிலிருந்தும் துணிக்கொடியிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஷாமியானா, கீற்றுப் பந்தல், தகர ஷீட் இவற்றின் அடியில் கூடாது.

குடியாத்தம் வாசகர்: ஐப்பசி மழைக்கு மூடி வைத்த கிரில்லைத் தை மாதம் எடுத்தேன். ஒரு பர்னர் மஞ்சளாக எரிகிறது, 'புஸ்' என்று திருகுக்குப் பின்னால் தீ வருகிறது. ஜெட்டை ஊசியால் குத்தியும் சரியாகவில்லை.

உள்ளே சிலந்தி கூடு கட்டியிருக்கும். கேஸ் ஜெட்டிலிருந்து பீறிடும்போது பர்னர் குழாயின் வாய் வழியாகக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய்க்குள் வலை அடைத்தால் காற்று கலக்காது, தீ மஞ்சளாகும். கலவை முன்னே போக முடியாமல் வாய்ப் பக்கமே திரும்பி வந்து திருகுக்குப் பின்னால் எரியும். உடனே நிறுத்த வேண்டிய கோளாறு இது. அப்படியே ஓட்டினால் டியூப் உருகும்.

சிலிண்டரைக் கழற்றுங்கள். கம்பித் தட்டு, அதன் அடியில் கூரை வடிவில் இருக்கும் தகடு, பிறகு பர்னர் என்று வரிசையாக எடுங்கள். பர்னரின் பின்முனையில் ஒரு ஸ்க்ரூவோ கிளிப்போதான் இருக்கும். பால் பாட்டில் பிரஷை நீளக் கம்பியில் கட்டிக் குழாயின் முழு நீளமும் உள்ளே விட்டு இழுங்கள். குழவி கட்டிய மண் கூடும் சில சமயம் வரும். மேலே உள்ள தீத் துளைகளை மெல்லிய கம்பியால் திறக்கலாம். ஜெட்டை மட்டும் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, ஊசி பட்டால் துளை பெரிதாகிவிடும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் தீ மஞ்சள்தான். நீங்கள் குத்தியதைப் புது ஜெட்டாக மாற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஜெட்டின் மூக்கு பர்னர் வாய்க்குள் நுழைந்திருக்க வேண்டும். அவசரத்தில் வெளியே நின்றுவிடும், டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகும் மஞ்சள் என்றால் குழாய் வாயில் இருக்கும் காற்றுத் தகட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். தீ நீலமாகி நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் தெரிந்தால் சரி. இரைச்சலோடு தீ எழும்பித் துள்ளினால் காற்று அதிகம், சற்று மூடுங்கள்.

பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும். ஐந்து நொடியில் பற்றவில்லையா, திருகை மூடி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். கிரில்லின் முதுகுக்கு நேராகக் காற்று அடிக்கும்படி நிறுத்தாதீர்கள். பின்பக்க இடைவெளியில் புகுந்த காற்று சூட்டை முன்னால் திருகுப் பக்கம் தள்ளும்.

வாலாஜாபேட்டை வாசகர்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் போதுமா?

பாதிதான் தெரியும். 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். 304இல் பெரும்பாலும் ஒட்டாது. விலை குறைந்த 201 ரகத்திலும் ஒட்டாது, ஆனால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். நம் பக்கம் கடல் காற்று இல்லை, வெளிப்பெட்டி 430 ஆக இருந்தாலும் பாதகமில்லை. பர்னர் மட்டும் 304 ஆக இருக்கட்டும். கம்பித் தட்டு வார்ப்பிரும்பு என்றால் தோசைக்கல் போலவே எண்ணெய் காட்டி வைக்க வேண்டும். கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள். உதிரும் முள் கறியோடு வாய்க்குள் போகும்.

வாணியம்பாடி வாசகர்: கேஸில் சுட்ட சீக் கபாபில் அடுப்புக்கரி மணம் வரவில்லை. காசு வீணா?

கரி மணத்தில் பெரிய பங்கு கொழுப்பு சொட்டிச் சூட்டில் எரிந்து எழும் புகைதான். அது கேஸிலும் வரும், பர்னருக்கு மேலே உள்ள கூரைத் தகடு நன்றாகக் காய்ந்திருந்தால். 10–15 நிமிடம் மூடி போட்டுக் காயவிடாமல் கபாபை வைத்தால் வெந்த கறியின் வாசனைதான் வரும். கொத்துக்கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும். பிசைந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் தட்டையான கம்பியில் அழுத்திப் பிடியுங்கள். உருண்டைக் கம்பியில் கறி கழன்று சுற்றும்.

புகை இன்னும் வேண்டுமானால் காய்ந்த சீமைக்கருவேலச் சிராய் ஒரு கைப்பிடி எடுத்து அலுமினியத் தாளில் மடித்து, நாலு துளை போட்டு, எரியும் பர்னரின் தகட்டின் மேல் வையுங்கள். அமெரிக்காவில் கிரில்லுக்கென்றே விற்கும் மெஸ்கீட்டும் அதே இனத்து மரம்தான். நம் ஏரிக்கரையில் வெட்டிப்போட ஆள் தேடுகிறோம்! பெயின்ட், வார்னிஷ் பட்ட மரம் மட்டும் கூடாது.

கொழுப்புத் தட்டை ஒவ்வொரு முறையும் காலி செய்யுங்கள். அதில் தீப்பிடித்தால் கேஸை மூடி, மூடியையும் போடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் கொழுப்பு தெறித்துத் தீ பரவும்.

அணைக்கட்டு வாசகி: நாங்கள் சைவம். எங்களுக்கு இது தேவையா?

பனீரும் சோளமும் மட்டும் என்றால் வாங்க வேண்டாம், அடுப்பில் வைக்கும் கிரில் தவா போதும். கத்திரிக்காய் அடிக்கடி சுடுவீர்கள் என்றால் யோசிக்கலாம். உங்கள் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் இதற்கு அருமையான சரக்கு. காம்போடு விட்டு, கத்தி நுனியால் நாலு இடத்தில் குத்தி (குத்தாவிட்டால் வெடிக்கும்), எண்ணெய் தடவி, நடுத்தரத் தீயில் மூடி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் காய் தளர்ந்து உட்காரும். கிண்ணத்தில் போட்டு மூடிப் பத்து நிமிடம் விட்டால் தோல் தானே கழன்று வரும். சதையைப் புளிக்கரைசல், வறுத்து அரைத்த வேர்க்கடலை, எள்ளோடு கிண்டினால் பிரியாணிக்குத் தொடும் கத்திரிக்காய் தயார். உங்கள் வீட்டில் வெஜிடபிள் பிரியாணிக்கு.