இரண்டே சொல்லில் தேடினால்?

கேள்வி: 'மோட்டார் ரிப்பேர்' என்று கூகுளில் தேடினால் விற்பனைப் பக்கங்களாகவே வருகின்றன. நாம் ஏன் இப்படி அரைகுறையாகத் தேடுகிறோம்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: போனில் தமிழ் தட்டுவது சள்ளை. இரண்டு எழுத்து போட்டதுமே கூகுளே மீதியை நீட்டிவிடுகிறது. பெரிய காரணம், பழுதின் பெயர் தெரியாததுதான். தெரிந்தால் தேடவே மாட்டோமே! அறிகுறியை எழுதுங்கள்: '1 எச்பி சிங்கிள் பேஸ் போர்வெல் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை'. பெரும்பாலும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரில் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் பாகம்) கொண்டுபோய் நிறுத்தும். (மெயினை அணைக்காமல் பேனலைத் திறக்காதீர்கள்.)

'மதுரை', 'உசிலம்பட்டி' என்று ஊர்ப்பெயர் சேர்ப்பது மெக்கானிக்கைத் தேடும்போது மட்டும். விற்பனைப் பக்கங்களைக் குறைக்க, கடைசியில் -விலை என்று போடுங்கள். கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் பலிக்காது.