பின் தாழ்வாரத்தில் கேஸ் அடுப்பு வைக்கலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியிலுள்ள வீட்டின் பின் தாழ்வாரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, சாக்கடை வாயை ஒட்டிக் கேஸ் பிராய் அடுப்பை (இறைச்சி சுடும் அடுப்பு) வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து அந்தச் சாக்கடைக்குள்ளேயே தேங்கி நிற்கும். திறந்த முற்றத்தில், சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் குறைந்தது 1 மீட்டர் தள்ளிச் சமதளத்தில் நிறுத்துங்கள். அடுப்போடு வந்த கையேடு கூடுதல் இடைவெளி கேட்டால் அதையே பின்பற்றுங்கள். 9 கிலோ சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம், அடுப்பைப் பற்றவைக்காமல் சிலிண்டர் வால்வை மட்டும் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். என் வீட்டில் ஒருமுறை ரெகுலேட்டர் கழுத்தில் கடுகளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன, கழற்றிப் பார்த்தால் வாஷரில் விரிசல். பற்றவைக்கும்போது அடுப்பின் மூடி திறந்தே இருக்கட்டும். பின்னாளில் நிலையான குழாய் இழுப்பதானால், பதிவுபெற்ற கேஸ் பொருத்துநரே அதைச் செய்து சான்றிதழ் தர வேண்டும் என்பது இங்குள்ள சட்டம்.