கிணற்றுக் குரலுக்கு 85,000 ரூபாய் வைத்தியம் வேண்டாம்

கேள்வி: கோவையில் பி.டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெட் கிரைண்டர் பட்டறைக்காரர் ஒருவரின் நீண்ட பேட்டியைப் போனில் எடுத்தேன். படம் தெளிவு. பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. போகப்போக உதட்டசைவும் ஒட்டவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாத சவுண்டு கோர்ஸ், மைக், லேப்டாப் சேர்த்து 85,000 ரூபாய், தவணையில் கட்டலாம், வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது இரண்டே கோளாறு. இரண்டுக்கும் கோர்ஸ் தேவையில்லை.

முதல் கோளாறு தூரம். ஆறடி தள்ளி நின்ற போன், அவர் குரலோடு சுவரில் பட்டுத் திரும்பிய குரலையும் சேர்த்து வாங்கியிருக்கிறது. இன்னொரு போனை அவர் சட்டைப் பையில் போட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவர் இருந்தால் ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். பதிவு செய்யும் ஆப்பின் மீட்டரில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும்.

இரண்டாவது, உதட்டசைவு. இதை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் எல்லா விலகலும் ஒன்றல்ல. ப்ளூடூத் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு எடிட் செய்தீர்களா? அப்படியானால் தாமதம் ஹெட்செட்டில்தான். ஒயர் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால் ஒலியை நகர்த்தினால் போதும். ஆனால் தொடக்கத்தில் ஒட்டி, முடிவில் விலகினால், போன் வெளிச்சத்துக்கேற்ப பிரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, ஏற்றி இறக்கியிருக்கிறது. உங்கள் பேட்டி அந்த வகையாகத்தான் தெரிகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' (மாறாத பிரேம் வேகம்) தேர்ந்து மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள். இனி எடுக்கும்போது தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, முடிவில் ஒரு கைத்தட்டு; படத்தையும் தனியே எடுத்த ஒலியையும் அதை வைத்து ஒட்டலாம். ஒலிப்பதிவின் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸ்.

இப்போது அந்த மையத்துக்கு வருகிறேன். தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ தரும் கடன். கோர்ஸ் பிடிக்காமல் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. சுவரில் அரசு அங்கீகாரம் என்று ஒரு சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் கிட்டப் போய் வாசியுங்கள். உத்யம் பதிவு என்றிருந்தால், அது சிறுதொழில் நடத்துகிற யாரும் எடுக்கும் பதிவு; பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "வேலை உறுதி"யை எந்த நிறுவனம், என்ன சம்பளம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும். கிராக் செய்த மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றித் தந்து அதற்கும் பணம் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வைரஸோடு வரும் அந்தத் திருட்டுச் சரக்கு உங்களுக்கு எதற்கு? டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஃபேர்லைட் என்ற முழு ஒலிப்பிரிவு இருக்கிறது. ஒலிப்பதிவையே தொழிலாக்க ஆசை வந்தால், பட்டம் முடித்துவிட்டு புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை எழுதுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை. நான் பாடம் எடுக்கப் போன ஒரு கல்லூரியில் நீண்ட கம்பின் முனையில் மாட்டிப் பிடிக்கும் நல்ல பூம் மைக் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. தொலைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் யார் பதில் சொல்வது என்ற பயம். பிள்ளைகளோ தேர்வில் மைக்கின் வகைகளை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகக் கட்டணம் கட்டுகிறவர் நீங்கள். மைக் வேண்டும் என்று துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

எடுத்த பேட்டியின் எதிரொலியைக் கழுவ நாட்களை வீணாக்காதீர்கள். ஓரளவு குறையும், குரல் தகரம்போல் ஆகிவிடும். பட்டறையில் மோட்டார்கள் ஓயும் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி போங்கள். பெரியவரிடம் அதே கேள்விகளைக் கேட்டு, இம்முறை குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். கிளம்புமுன் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை 30 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு விழும் இடங்களை அதுதான் மூடும். புதுக் குரலை அவர் கல் கொத்தும் காட்சிகளின்மேல் ஓடவிட்டால் உதடு ஒட்ட வேண்டிய அவசியமே இருக்காது.