நெற்றியில் எழும்பி நிற்கும் குட்டி முடிக்கு எதை வாங்குவது?

கேள்வி: பிள்ளை பிறந்து ஏழு மாதம். எனக்கு இடுப்பளவு தலைமயிர். மூன்றாம் மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டியது, இப்போது நின்றுவிட்டது. ஆனால் நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் குட்டி முடி எழும்பி நிற்கிறது. காலையில் படிய வாரிப் பின்னிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், கோட்டையில் இறங்கும்போது தலை சிலுப்பிக்கொண்டு நிற்கிறது. கெரட்டின் ஷாம்பு, மாஸ்க், சீரம் எல்லாம் வாங்கியாயிற்று. இன்னும் என்ன வாங்க வேண்டும்?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: ஒரு சின்ன ஜெல் மட்டும். சீரம் கையில் இருக்கட்டும். ஷாம்புவும் மாஸ்க்கும் முடிந்தால் திரும்ப வாங்காதீர்கள். கெரட்டின் என்று எழுதி விற்பவை முரடான முடியின் மேற்பரப்பைக் கொஞ்சம் வழவழப்பாக்கும், அவ்வளவுதான். நீட்டு முடி தன் பாரத்தாலேயே படிந்து கிடக்கும். மூன்று சென்ரிமீற்றர் முடிக்கு ஏது பாரம்? எத்தனை ஆயிரம் ரூபாவுக்கு மாஸ்க் பூசினாலும் அது நிமிர்ந்துதான் நிற்கும்.

அது புதுமுடிதானா, உடைந்த முடியா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, எழும்பி நிற்கும் ஒரு முடிக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். பிடுங்க வேண்டாம். நுனி ஊசிபோல மெலிந்து முடிந்தால் புதுமுடி. வெட்டியதுபோல மொட்டையாகவோ, தேய்ந்த தும்புத்தடிபோலப் பிரிந்தோ இருந்தால் உடைந்தது. நிற்கிற இடமும் காட்டிக்கொடுக்கும். புதுமுடி நெற்றி ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் வகிட்டிலும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நிற்கும். உடைந்தது உச்சியிலும் றப்பர் பாண்ட் இறுக்குகிற இடத்திலும் நீளம் மாறி மாறி நிற்கும். மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர், சற்றே கூடவும் வளரும். உங்களுக்குக் கொட்டத் தொடங்கி நான்கு மாதம். அடிமட்டத்தை வைத்துப் பார்த்து 3 முதல் 5 சென்ரிமீற்றர் வந்தால் கணக்குச் சரி.

முடி எந்த வடிவத்தில் காய்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும், ஈரம் பட்டால் விட்டுவிடும். கொழும்பில் காற்றே ஈரம். அதனால்தான் வீட்டில் படிந்த முடி காலி வீதிக்கு வந்ததும் எழும்புகிறது. தலை முழுகி முக்கால்வாசி காய்ந்ததும் (முழுகாத நாளில் நெற்றி ஓரத்தை மட்டும் நனைத்து) பட்டாணி அளவு ஜெல்லை உள்ளங்கையில் தேயுங்கள். மெல்லிய டூத் பிரஷ் ஒன்றில் அதைத் தொட்டு, முடி வளரும் பக்கமாகப் பின்னோக்கி வாருங்கள். அப்படியே விட்டால் அரை நிமிடத்தில் எழும்பும். மெல்லிய பருத்தித் துணியை நெற்றியைச் சுற்றி, இறுக்காமல் கட்டிப் பத்து நிமிடம் இருங்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். காய்ந்த பிறகு ஒரே ஒரு துளி சீரத்தை இரண்டு கையிலும் தேய்த்து மேலால் தடவினால் ஈரம் ஏறுவது குறையும். சீரத்தை முதலில் பூசிவிட்டு ஜெல் போட்டால் ஜெல் பிடிக்காமல் உருண்டு, பத்து மணிக்குள் பொடுகுபோல உதிரும். ஜெல் கூடினாலும், காய்ந்த பின் சீப்புப் போட்டாலும் அதே கதைதான்.

ஜெல் வாங்கும்போது போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருட்பட்டியல் கூடிய அளவிலிருந்து குறைந்த அளவுக்குப் போகும். தண்ணீருக்கு அடுத்ததே கிளிசரின் என்றால் இந்த ஊருக்கு வேண்டாம். காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கற்றாழைப் படம் போட்ட பச்சை ஜெல்களில் பல தோலுக்கானவை, முடியைப் பிடித்துவைக்காது. பட்டாணி அளவு என்பது ஏறத்தாழ அரை மில்லிலீற்றர். நாள்தோறும் பூசினாலும் 100 மில்லிலீற்றர் ஆறு மாதம் தாண்டும். "பெரிய போத்தல் லாபம்" என்று கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்காதீர்கள்.

குட்டி முடியை அடக்க இழுத்துக் கட்டிக் கொண்டை போடுவது வேண்டாம். நெற்றி ஓர வேர்தான் முதலில் பலவீனமாகும். 10 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பின்னலுக்குள் செருகலாம். பிள்ளைக்கு ஒரு வயதாகி ஓரிரு மாதத்தில் அது நடக்கும். இடுப்புக்கு வர ஆறு வருடமாவது செல்லும், ஆகவே பின்னல் நுனி மெலிந்திருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ஒரு வயது கடந்தும் கொட்டிக்கொண்டிருந்தால் மட்டும் டொக்டரிடம் காட்டி இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பாருங்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் ஹெயார் வக்ஸ் ஸ்டிக் ஒன்று வாங்கினேன். மூன்று வாரத்தில் மேலே வெள்ளை படிந்து, பழைய எண்ணெய் மணக்கிறது. லேபலில் சீன எழுத்து மட்டும். பில்லும் தரவில்லை. திருப்பிக் கேட்கலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: வெள்ளை மட்டும் என்றால் குற்றமில்லை. சூட்டில் இளகிய மெழுகும் எண்ணெயும் மறுபடி உறையும்போது அப்படிப் படியும். வெயிலில் நின்ற காருக்குள் பையை வைத்தாலே போதும். மணம் மாறியது வேறு விஷயம். எண்ணெய் காறிப்போய்விட்டது, இனித் தலையில் வைக்காதீர்கள்.

ஸ்டிக்கோடு கடைக்குப் போய் வாங்கிய திகதியைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஆனால் பில் இல்லாத முறைப்பாடு நொண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் கடமை. கேட்க வெட்கப்படாதீர்கள். அடுத்த முறை காசு கொடுக்கும் முன் விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், இறக்குமதியாளரின் பெயர் முகவரி இவற்றைத் தேடுங்கள். கடைசியது இல்லாத பொருள் நூறு ரூபா மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

வக்ஸ் தண்ணீரில் கரையாது. பூசிய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி கால் மணித்தியாலம் விட்டு, இரண்டு தரம் ஷாம்பு போட்டால்தான் போகும்.

கேள்வி: குட்டி முடிக்குக் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்யச் சொல்கிறார்கள் சலூனில். பால் கொடுக்கிறேன், செய்யலாமா?

பதில்: வேண்டாம். சில வகைகளில் சூடான அயனை இழுக்கும்போது போமல்டிஹைட் என்ற நச்சுப் புகை எழும்பும். "போமல்டிஹைட் இல்லை" என்ற போத்தலிலும் மெதிலின் கிளைகோல் என்று இருந்தால் அதே புகைதான். அதற்குப் பதிலாக வந்த கிளையொக்ஸிலிக் அமில வகையில் சிறுநீரகம் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அத்தோடு, இன்று செய்தாலும் அடுத்த மாதம் முளைப்பது எழும்பியே நிற்கும்.

கேள்வி: கொழும்பில் படிகிற முடி, யாழ்ப்பாணம் போனதும் முரடாகிப் பறக்கிறது. எந்த ஷாம்பு நல்லது?

பதில்: ஷாம்புவை மாற்றத் தேவையில்லை, தண்ணீர்தான் காரணம். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கல்சியம் கூட, அது முடியில் படிகிறது. கொழும்புக் குழாய்நீர் மென்மையானது. யாழ்ப்பாணத்தில் முழுகி முடிந்ததும் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசுங்கள். தேசிக்காய் வேண்டாம். அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும்.